நம்பர் கொடுத்தால் மட்டும் போதாது: இளையவர்களை மனநல உதவி எண்ணுக்குப் பேசவைக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கோவில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் மூன்று மாதம் தொங்கியது. மேலே மனநல உதவி எண், கீழே சீப்புப் பல் மாதிரி வெட்டிவிட்ட துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் அதே எண். வேண்டியவர் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். மூன்று மாதத்தில் ஒரு துண்டுகூடக் கிழியவில்லை.

பலகை இருந்தது செருப்பு விடும் இடத்துக்கு நேர் எதிரே. பூ கட்டும் ஆன்ட்டிகள் உட்காரும் திண்ணையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவர்கள் கண் முன்னால் எந்தப் பிள்ளை கை நீட்டிக் கிழிக்கும்? அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அதே தாளை இரண்டு கழிவறைகளிலும் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது பெண்கள் பக்கம் ஐந்து துண்டுகள் போயிருந்தன. ஆண்கள் பக்கம் ஏழு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. ஆனால் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நாற்காலிகளை மெதுவாக அடுக்கிக்கொண்டே நிற்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கும், சொல்ல வராது. அந்தக் கிழிந்த துண்டுகளை எண்ணிய அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவானது. நம்பர் கிடைக்காததால் பிள்ளைகள் பேசாமல் இருக்கவில்லை. நம்பரை அழுத்துவதற்கும் ‘ஹலோ’ சொல்வதற்கும் நடுவில் ஒரு சில நிமிடம் இருக்கிறது பாருங்கள், அதைத் தனியாகத் தாண்ட முடியாமல்தான் நிற்கிறார்கள். அந்தச் சில நிமிடத்துக்குத் துணையாக இருப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. அக்கா, அண்ணன், மாமா, சித்தி, தமிழ் டீச்சர், காவடிக் குழுவில் மேளம் கற்றுக்கொடுக்கிறவர் என்று ஒரு இளையவரின் நம்பிக்கையைப் பெற்ற யாரும் இதைச் செய்யலாம்.

முதல் படி: நீங்கள் ஒருமுறை பேசிப் பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகிற படி இதுதான். நாம் போகாத வழியைப் பிள்ளைக்குக் காட்ட முடியாது.

நான் முதன்முதலில் பேசியது காரில் உட்கார்ந்து, கோவில் வாசலில். மூன்று முறை நம்பரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். நாற்பது வயதைத் தாண்டிய எனக்கே கை வேர்த்தது. நாலாவது முறை பதிவுக் குரல் ஒன்று வந்தது, கொஞ்சம் காத்திருந்தேன், ஒரு பெண் பேசினாள். “நான் இளையவர்களோடு வேலை செய்கிறேன், அவர்கள் பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்” என்றேன். பொறுமையாகச் சொன்னாள். நடுவில் என் போனில் இருந்த ஏர்டைம் (முன்பணம்) தீர்ந்து இணைப்பு அறுந்துபோனது. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒரு பிள்ளைக்கு அழுகையின் நடுவே இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் பேசும்போது வேறு யாருக்கோ அவசரமாக வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறோமோ என்று தயங்க வேண்டாம். ஒருவருக்கு எப்படி உதவுவது என்று கேட்பவர்களுக்கும் இந்த எண்களில் பதில் உண்டு. சுருக்கமாகக் கேட்டுவிட்டு வையுங்கள். மணி எத்தனை முறை அடித்தது, முதலில் என்ன கேட்டார்கள், பெயர் சொல்லியே ஆக வேண்டுமா, எவ்வளவு ஏர்டைம் போனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளையிடம் “நானே பேசியிருக்கிறேன், இப்படித்தான் இருக்கும்” என்று சொல்வதற்கு ஈடாக வேறெதுவும் கிடையாது.

இரண்டாம் படி: எந்த எண், யாருக்கு

நாடு முழுவதற்கும் உள்ளவற்றில் நான் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது இவைதான்.

18 வயதுக்குக் கீழே இருந்தால் சைல்ட்லைன், எண் 116. மூன்றே இலக்கம், இலவசம், இரவும் பகலும் உண்டு. சைல்ட்லைன் இந்த நாட்டில் 1986-இல் தொடங்கியது, அதுவும் நம் டர்பனில்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த வயதானாலும், சாடாக் என்ற மனநல அமைப்பின் 0800 567 567. 24 மணி நேரமும் உண்டு. வாய்விட்டுப் பேச முடியாத இடத்தில் இருந்தால் 31393 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள்.

மனது சரியில்லை, வீட்டில் சண்டை, காதல் முறிந்தது என்று எதுவானாலும் பேச லைஃப்லைன், 0861 322 322.

போதைப்பொருள் தொடர்பானால் 0800 12 13 14. சாட்ஸ்வொர்த்தில் ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருள் எத்தனை வீடுகளைத் தின்றது என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீடுகளில் பழக்கத்தில் விழுந்தவனை மட்டுமே எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்து அறையில் பாடம் படிக்க முடியாமல் கிடக்கும் தங்கையை யாரும் பார்ப்பதில்லை. அவளும் இந்த எண்ணுக்குப் பேசலாம்.

வீட்டில் அடி, பாலியல் தொந்தரவு என்றால் 0800 428 428.

காசு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 0800 எண்கள் லேண்ட்லைனிலிருந்து இலவசம். செல்ஃபோனில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை முதல் படியில் நீங்கள் பேசியபோதே பார்த்திருப்பீர்கள். 0861 எண்களுக்கு ஏர்டைம் போகும். ஆகையால் பிள்ளையின் போனில் கொஞ்சம் ஏர்டைம் போட்டுவிடுங்கள். டக் ஷாப்பில் வாங்கும் ஒரு சின்ன வவுச்சர் பெரிய செலவில்லை. எண்கள் மாறக்கூடியவை, அதனால் தாளில் அச்சடித்து ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை அடித்துச் சரிபாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

தமிழில் பேச ஆள் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தமிழின் பெயரைச் சொல்லி மதிக்கச் சொல்கிறது, ஆனால் தமிழ் இங்கே அலுவல் மொழி இல்லை. பிள்ளைகளுக்கு இது தடையே இல்லை, அவர்கள் ஆங்கிலத்தில்தான் கனவே காண்கிறார்கள். சமீபத்தில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும், “மெதுவாகப் பேசுங்கள், ஆங்கிலம் என் முதல் மொழி இல்லை” என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

மூன்றாம் படி: இடம் பார்த்துப் பேச்சைத் தொடங்குங்கள்

முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து “உனக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “ஒன்றுமில்லை ஆன்ட்டி” என்றுதான் சொல்லும். கண்ணும் கண்ணும் சந்திக்காத இடம் வேண்டும். கார் ஓட்டும்போது, பாத்திரம் கழுவும்போது, ஆடிக் கூழுக்கு வெங்காயம் உரிக்கும்போது. பையன்களுக்குத் துனி என்ற சீட்டாட்டம். சீட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டால் அவர்களுக்கு வாய் திறக்கும். என் கணவரிடம் ஒரு பையன் தன் அப்பா வேலை போனதைச் சொன்னது ஒரு துனி ஆட்டத்தின் நடுவில்தான், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்போது பேச வேண்டும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது அல்லது கூடுவது, பிடித்த விளையாட்டை விடுவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, “நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி” என்ற மாதிரிப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது. கடைசி இரண்டையும் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். “மூன்று வாரமாக நீ மேளம் வாசிக்க வரவில்லை. முகம் வாடியிருக்கிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது.” இவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நமக்கு இது கடினம், உடனே அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும். “உன் பாட்டன் கரும்புத் தோட்டத்தில் படாத பாடா நீ பட்டுவிட்டாய்?” என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். 1860-இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தக் கரைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்கள் பட்டது உண்மை. பட்டதை வெளியே சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்த அந்தப் பழக்கம்தான் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இறங்கி வந்திருக்கிறது. அதைப் பெருமையாகப் பிள்ளையின் தலையில் ஏற்றினால், தன் வலியைச் சொல்லவே அது வெட்கப்படும்.

நான்காம் படி: நேராகக் கேளுங்கள்

பேச்சு கனமாகப் போகிறது என்றால் கேட்டுவிட வேண்டும்: “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?”

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். சுற்றி வளைத்து, “கெட்ட எண்ணம் ஏதும் இல்லையே?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதில் இருக்கிறது.

‘ஆம்’ என்று சொன்னால் அதிர்ந்து கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். “சொன்னதற்கு நன்றி கண்ணு. நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தாலோ, இப்போதே ஏதாவது செய்துவிடும் நிலையில் இருந்தாலோ, மீதிப் படிகளை எல்லாம் விட்டுவிடுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத்திரைப் பெட்டியையும் வீட்டிலுள்ள மற்ற ஆபத்தான பொருள்களையும் கைக்கு எட்டாமல் வேறொருவர் எடுத்துப் போகட்டும். செல்ஃபோனிலிருந்து 112, ஆம்புலன்சுக்கு 10177. அல்லது நேராக அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை என்று அவரவர் பகுதிக்கு ஒன்று உண்டு. தற்கொலை முயற்சி தென்னாப்பிரிக்காவில் குற்றம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: பயத்தை ஒவ்வொன்றாக இறக்கிவையுங்கள்

அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் பிள்ளை பேசத் தயங்குகிறது. நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. “பயப்படாதே” என்று பொதுவாகச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. என்ன பயம் என்று கேட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு முதல் பயம், தெரிந்தவர் யாராவது எடுத்துவிடுவார்களோ என்பது. நியாயமான பயம். நம் ஊரில் பிள்ளை, முதலி, நாயக்கர், கவுண்டர் என்று குடும்பப் பெயரைச் சொன்ன உடனே “எந்த யூனிட்? உன் ஆயா (பாட்டி) பெயர் என்ன?” என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வேறு பெயர் சொல்லலாம், எந்தப் பகுதி என்றுகூடச் சொல்லாமல் பேசலாம் என்று சொல்லுங்கள். தெரிந்த குரலாகத் தோன்றினால் வைத்துவிட்டு மறுபடி அழைக்கலாம்.

அடுத்தது, ‘நம் ஆட்கள்’ இல்லாதவருக்கு நம் வீட்டு விஷயம் புரியுமா என்பது. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவே மோதல் நடந்த ஃபீனிக்ஸ் பக்கம் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் கூடியிருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “அம்மா எனக்காகக் காவடி நேர்ந்திருக்கிறாள், அதனால் நான் சரியாகிவிட்ட மாதிரி நடிக்கிறேன். இதை ஒரு ஜூலுக்காரப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன் ஆன்ட்டி?” நான் சொன்னேன், “காவடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மா மனசு நோகக்கூடாது என்று நடிப்பது என்ன என்று எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்.” அவள் பேசினாள். பிறகு என்னிடம் சொன்ன ஒரே விஷயம், எதிரே இருந்தவர் “அது எவ்வளவு களைப்பாக இருக்கும்” என்று கேட்டாராம். அதுவரை யாரும் அவளிடம் களைப்பா என்று கேட்டதில்லை.

வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா என்பது மூன்றாவது. இதில் பொய் சொல்லாதீர்கள். பேசுவது ரகசியமாக வைக்கப்படும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகிறது என்றாலோ மற்றவர்களை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். இந்த எல்லையை முன்பே சொல்லிவிட்டால் பிள்ளை உங்களை நம்பும். ‘யாருக்குமே தெரியாது’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு அது உடைந்தால் இனி எந்தப் பெரியவரையும் அது நம்பாது.

“எனக்கு என்ன பைத்தியமா?” என்பது நான்காவது. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கினோம். இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் மனநல மருத்துவமனைப் பெயர் அப்படி ஆகிவிட்டது. இந்த எண்ணில் பேசுபவர்கள் மருந்து எழுதமாட்டார்கள், நோய்ப் பெயர் சூட்டமாட்டார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே பலர். காது கொடுப்பதும், அடுத்து எங்கே போகலாம் என்று வழி சொல்வதும்தான் அவர்கள் வேலை.

“என் பிரச்சினை இதற்கெல்லாம் சின்னது” என்பது கடைசி. இதற்கு நான் ஒரு பழைய செய்தியைச் சொல்வேன். 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு 14 வயதுச் சிறுமிக்கு இறுதிச் சடங்கு செய்தார். அவள் முதன்முதலாக வயதுக்கு வந்திருந்தாள். அது என்னவென்று சொல்லித்தர யாரும் இல்லை, ஏதோ கெட்ட நோய் என்று பயந்து உயிரை விட்டிருந்தாள். நாம் மஞ்சள் நீராட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போடும் விஷயம் அது. கேட்க ஒருவர் இல்லாததால் ஒரு பிள்ளை போய்விட்டது. அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1953-இல் லண்டனில் தன் தேவாலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று தொடங்கினார். உலகத்தின் உதவி எண்கள் பலவற்றுக்கும் அதுதான் முன்னோடி. ‘சின்ன’ விஷயத்துக்காகத்தான் இந்த எண்களே பிறந்தன.

ஆறாம் படி: அழைப்புக்குத் தயாராகுங்கள்

சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள். வீட்டுக்குள் ரகசியமாகப் பேச இடமில்லை. நிறுத்திய கார், ஆளில்லாத நேரத்துக் கோவில் மண்டபம், பள்ளி நூலகத்தின் ஓரம், உங்கள் வீட்டு அறை, எது கிடைக்கிறதோ அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நீர்க்குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் பேசிய பிள்ளையும் உண்டு.

போனில் சார்ஜ் இருக்கட்டும். மின்வெட்டு நாளானால் முன்பே பாருங்கள். தண்ணீர், டிஷ்யூ, ஒரு பேனா.

பிறகு முதல் வாக்கியத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் இதற்கு ஈடான உதவி வேறில்லை. பிள்ளைகள் பயப்படுவது முழுப் பேச்சுக்கு அல்ல, முதல் பத்து விநாடிக்கு. இப்படி ஏதாவது போதும்:

“எனக்கு 16 வயது. இதற்கு முன் இப்படிப் பேசியதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.”

“என் நண்பனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.” நண்பனைப் பற்றி என்று தொடங்கித் தன்னைப் பற்றி முடிப்பார்கள். பரவாயில்லை, எதிரே இருப்பவருக்கு அது பழக்கம்தான்.

“நான் அழுதுவிடுவேன் போலிருக்கிறது, கொஞ்சம் காத்திருங்கள்.”

ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நீங்கள் ஆலோசகராக நடியுங்கள். அவர்கள் என்ன கேட்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்: இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாயா, வயது என்ன, உயிரை விடும் எண்ணம் உண்டா, கூட யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு “ஒரு ஆன்ட்டி இருக்கிறார்” என்று சொல்ல முடிவதே பிள்ளைக்குத் தெம்பு.

ஏழாம் படி: அழைக்கும்போது

நம்பரைப் பிள்ளையின் விரல்தான் அழுத்த வேண்டும். நீங்கள் அழுத்திக் கையில் திணிக்காதீர்கள். மணி அடிக்கும்போது கூடவே இருங்கள், அந்தச் சில விநாடிகள் நீளமானவை. காத்திருக்கச் சொன்னால், “எனக்கும் அன்றைக்கு இப்படித்தான் காத்திருக்கச் சொன்னார்கள்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஆள் பேசத் தொடங்கியதும் கேட்காத தூரத்துக்கு நகருங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். நான் பெரும்பாலும் மண்டபத்துத் தட்டுகளைத் துடைத்து அடுக்குவேன். பித்தளைச் சத்தம் வந்துகொண்டிருந்தால் நான் ஒட்டுக்கேட்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

எடுக்கவில்லை, இணைப்பு அறுந்தது, எதிரே இருந்தவர் சரியாகக் கேட்கவில்லை என்றும் ஆகலாம். நடந்திருக்கிறது. ஒரு பையன் மூன்று முறை முயன்று கிடைக்காமல் “பார்த்தீர்களா, யாரும் இல்லை” என்று போனைத் தூக்கி எறிந்தான். நான் அருகில் இருந்ததால் வேறொரு எண்ணை அடித்தோம். தனியாக இருந்திருந்தால் அந்த வாக்கியத்தோடு இரவு முழுக்க இருந்திருப்பான். ஆகவே முன்பே சொல்லிவிடுங்கள்: “கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் நீ இல்லை. இரண்டாவது எண் இது, மூன்றாவது இது.”

எட்டாம் படி: அழைத்த பிறகு

“என்ன சொன்னார்கள்?” என்று கேட்காதீர்கள். “பசிக்கிறதா?” என்று கேளுங்கள். ஒரு பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) வாங்கிப் பாதிப் பாதி சாப்பிடுங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தானே சொல்லும்.

போன் வேறு யார் கைக்கும் போகும் என்றால் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்கச் சொல்லுங்கள். அப்பா பெயரில் கான்ட்ராக்ட் போன் என்றால் விவரப் பில்லில் எண் வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கையோ ஆலோசகரையோ பார்க்கச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே அதற்கு வழி பாருங்கள். ஒரு வாரம் போனால் தெம்பு போய்விடும். மூன்றாம் நாள் ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். ‘எப்படி இருக்கிறாய்’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வரும். ‘ராத்திரி தூங்கினாயா?’ என்று அனுப்புங்கள்.

பெற்றோரிடம்

2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டிய, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். உதவி எண்ணில் பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். இருந்தாலும் வீட்டில் ஒருவர் நம் பக்கம் இருந்தால் பிள்ளைக்கு நல்லது. யார் என்று பிள்ளையையே கேளுங்கள். பல வீடுகளில் அது அம்மாவோ அப்பாவோ இல்லை, ஆயாதான்.

“திருஷ்டி சுற்றிப் போட்டால் சரியாகும், கோவிலுக்கு அழைத்துப் போனால் சரியாகும்” என்று சொல்லும் பெற்றோரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எலுமிச்சம்பழம் சுற்றுவதில் ஒரு பாசம் இருக்கிறது, அதைப் பிள்ளையும் உணரும். சாமியைக் கும்பிடுவதும் போனில் பேசுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று சொல்லுங்கள். எங்கள் கோவில் ஐயர் ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்து, “சர்க்கரை வியாதிக்கு டாக்டரிடம் போகிறோம், மனசுக்கும் போகலாம், தப்பில்லை” என்று இரண்டே வரி சொன்னார். நான் வருடம் முழுக்கச் சொன்னதைவிட அந்த இரண்டு வரிக்கு வீடுகளில் மதிப்பு இருந்தது. உங்கள் கோவிலிலும் கேட்டுப் பாருங்கள்.

எந்த நாட்களில் விழிப்பாக இருக்க வேண்டும்

மேட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வருகிறது. பாஸ் ஆன பிள்ளைகளின் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும்போது, பெயர் வராத பிள்ளை அறைக்குள் இருக்கும். எதிர்பார்த்த டிஸ்டிங்ஷன் குறைந்த பிள்ளையும் அதே அறையில்தான். ஒரு துக்கத்தின் வருட நாளும் அப்படி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், 2024 ஜூன் சூறாவளி கூரையைப் பிய்த்த டோங்காட் பிள்ளைகளுக்கும், பெருமழைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குவது இன்றும் உண்டு.

முடிவு வருவதற்கு முந்தைய வாரமே பேசி வைத்துவிடுங்கள். “மார்க் எதுவானாலும் அன்று சாயங்காலம் நான் கூப்பிடுவேன்” என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள். எங்கள் மண்டபத்தில் பொங்கலன்று பானையை இறக்கிய பிறகு இரண்டு பேர் காலியாக இருப்போம், ஒருவர் போனோடு, ஒருவர் கார்ச் சாவியோடு. கழிவறைக் கதவுத் தாளை அதற்கு முந்தைய நாள் மாலை மாற்றுகிறேன், புதுத் துண்டுகள் வெட்டி. ஆண்கள் பக்கத்துக்கு இப்போது இரண்டு தாள்.